செவியில் தங்கிய சித்திரங்கள்

2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி சனிக்கிழமையன்று, சி.டபிள்யூ. என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்நாட்டுக் குழந்தைகளின் வாராந்தர உற்சவமாக விளங்கிவந்த ஒரு சம்பிரதாயத்தை, மேளமும் இல்லாமல் தாளமும் இல்லாமல் முடித்துவைத்தது. சனிக்கிழமை விடிந்ததும் தொடங்கி நண்பகல் நெருங்கும்வரை கார்ட்டூன் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவது என்ற பழைய வழக்கத்தை, தேசம் முழுவதும் ஒளிபரப்பும் நிறுவனங்களுள் கடைசிவரை கைவிடாமல் வைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். மறுவாரம் அதே நேரத்தில் பிராணிகளைப் பற்றிய போதனை நிகழ்ச்சிகள் வந்து அமர்ந்துகொண்டன. அதற்காக வருந்தியவர்கள் குழந்தைகள் அல்லர்; அவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது. நாற்பதும் ஐம்பதும் கடந்து, தலை நரைத்து, வீட்டுக் கடனும் முதுகுவலியுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்த பெரியவர்களே வருந்தினார்கள்.

இந்தப் பெரியவர்களின் பால்ய ஸ்மரணைகளைச் சற்றுக் கூர்ந்து கேட்டால் அதில் ஒரு விசித்திரம் தென்படும். சங்கீதக் கோஷ்டியொன்றில் டிரம்ஸ் வாசித்த சுறாமீன் ஒன்று எந்தத் தொடரில் வந்தது, இருமிக்கொண்டும் செருமிக்கொண்டும் பேசிய மோட்டார் வண்டியின் பெயர் என்ன, வேஷம் மாற்றுவதற்காக அலமாரிக்குள் பாய்ந்து அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் கராத்தே நாயைப் பார்த்தது நிஜமா சொப்பனமா என்றெல்லாம் தடுமாறுகிறவர்கள், தலைப்புப் பாட்டை எடுத்துக்கொடுத்துவிட்டால் அட்சரம் பிசகாமல் முழுவதையும் பாடிவிடுகிறார்கள். கதை மறந்துவிட்டது; முகங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன; சப்தம் மாத்திரம் சிதையாமல் இருக்கிறது. மேற்சொன்ன மூன்றும் கற்பனைகள் அல்ல. சுறாமீன் 1976-இல் வந்த ‘ஜாபர்ஜா’. மோட்டார் வண்டி 1973-இன் ‘ஸ்பீட் பக்கி’. நாய் 1974-இன் ‘ஹாங்காங் ஃபூயி’. கண் மறந்ததைக் காது மறக்காதிருப்பதற்குக் காரணம், என் அபிப்பிராயத்தில், அந்தப் பெரியவர்களின் வயதில் இல்லை. அந்தப் படங்கள் தயாரிக்கப்பட்ட முறையில் இருக்கிறது.

அவற்றைத் தயாரித்த வில்லியம் ஹானா, ஜோசப் பார்பரா என்ற இருவரும், முன்னர் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தில் இருந்துகொண்டு, பூனையும் எலியும் ஓயாமல் துரத்திக்கொள்ளும் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்களைச் சிருஷ்டித்து, அவற்றுக்காக ஏழு ஆஸ்கார் பரிசுகளை அந்நிறுவனத்துக்கு வாங்கிக்கொடுத்தவர்கள். அவை திரையரங்குக்கென்று செய்யப்பட்ட படங்கள். ஏழு நிமிஷப் படமொன்றுக்குப் பல மாத உழைப்பும் ஆயிரக்கணக்கான சித்திரங்களும் வேண்டியிருந்தன. பாத்திரங்கள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. சொல்லவேண்டியதையெல்லாம் ஓட்டமும் முகபாவமுமே சொல்லிவிடும். 1957-இல், பழைய படங்களையே மறுபடி திரையிட்டாலும் வசூல் வரத்தானே செய்கிறது என்று கணக்குப் போட்ட எம்.ஜி.எம்., கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. பரிசுகளோடு தெருவுக்கு வந்த இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்காரர்களிடம் போய் நின்றபோது கிடைத்த தொகையோ, திரையரங்குப் படத்துக்குச் செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

அந்தப் பற்றாக்குறையிலிருந்து பிறந்த கலையின் யுக்திகளைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லலாம்; சிக்கனத்தை இவ்வளவு நுட்பமாகக் கையாண்டவர்கள் கணக்குப்பிள்ளைகளிலும் அபூர்வம். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. உயர்ந்த ரகப் படங்களில் விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களாவது புதிதாக வரைவார்கள். ஹானாவும் பார்பராவும் அதை இயன்றமட்டும் குறைத்தார்கள். யோகி என்ற கரடிக்கு உடம்பில் வேறு வஸ்திரமே கிடையாது; ஆனால் கழுத்தில் காலரும் டையும் உண்டு. கரடிக்கு எதற்கு டை என்று குழந்தைகள் கேட்டதில்லை. உடலை ஒரு கண்ணாடித் தாளிலும் தலையை வேறொரு தாளிலும் தீட்டி, உடலை அசையாமல் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவதற்கு, இரண்டும் சேரும் இடத்தை மறைக்கவேண்டியிருந்தது. அந்த வேலையைக் காலர் செய்தது. பேசும்போது வாய் மாத்திரம் அசையும். யோசிக்கும்போது இமை மாத்திரம் கொட்டும். பாத்திரம் ஓடத் தொடங்கினால் பின்னணியில் அதே மேஜை, அதே விளக்கு, அதே ஜன்னல், மறுபடியும் அதே மேஜை என்று, ஒரு நாற்காலிகூடக் கூடுதலாக இல்லாத வீடு முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும்.

இன்னொன்றையும் அக்காலத்துக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்கள். பின்னணிக் காட்சிகள் மென்மையான வர்ணக் கலவையில் தீட்டப்பட்டிருக்கும். அசையவேண்டிய பொருளோ தனித்தாளில் அழுத்தமான ஒரே நிறத்தில் பூசப்பட்டிருக்கும். ஆகவே மலைச்சாரலில் நூறு பாறைகள் இருந்தாலும் அவற்றுள் எது உருண்டு விழப்போகிறது, புத்தக அலமாரியில் எந்தப் புத்தகத்தைத் தொட்டால் ரகசியக் கதவு திறக்கும் என்பதெல்லாம், கதாநாயகனுக்குத் தெரிவதற்கு முன்பே ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிடும். தயாரிப்பின் வறுமை, பார்ப்பவனுக்குத் தீர்க்கதரிசனமாக வந்து சேர்ந்தது.

சித்திரம் இவ்வாறு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டபடியால், பாரம் முழுவதும் குரலின்மேல் விழுந்தது. டாஸ் பட்லர், டான் மெஸ்ஸிக், மெல் பிளாங்க் போன்ற குரல் நடிகர்கள், ஒருவரே நாலைந்து பாத்திரங்களாகக் குழைந்தும் கனைத்தும் உறுமியும், அசையாத முகங்களுக்கு ஜீவன் கொடுத்தார்கள். ஹாய்ட் கர்டின் இசையமைத்துக் கொடுத்த தலைப்புப் பாட்டுகள், ஒரு நிமிஷத்துக்குள் கதையின் பூர்வோத்தரத்தை முழுதும் சொல்லிவிடும். ஓடப்போகும் பாத்திரம் அந்தரத்தில் காலைச் சுழற்றும்போது, சுழலும் கால்களை ஒரு மங்கலான வட்டமாக வரைந்துவிட்டு, தடதடவென்று ஒரு சிறு தோல்வாத்தியத்தை ஒலிக்கவிடுவார்கள். அந்த ஒலியைக் கேட்டால் இன்றைக்கும் ஓட்டம் கண்முன் வந்துவிடும், சித்திரம் தேவையில்லை. பழைய பள்ளியைச் சேர்ந்த மேதையான சக் ஜோன்ஸ், இத்தகைய படங்களைப் படம் போட்ட வானொலி என்று பரிகசித்தார். பரிகாசம் என்னவோ நியாயமானதுதான். ஆனால் வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அவமானமாகத் தோன்றாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்தச் சரக்கு சனிக்கிழமைக் காலையில் வந்து குவிந்ததற்குக் காரணம் வியாபாரம். பெரியவர்கள் தொலைக்காட்சியை ஏறிட்டும் பார்க்காத நேரம் அது. ஆகவே விளம்பரக் கட்டணம் மலிவு. 1955-இலேயே சி.பி.எஸ். நிறுவனம் ‘மைட்டி மவுஸ்’ என்ற பறக்கும் எலியை அந்த நேரத்தில் வைத்துப் பார்த்திருந்தது. ஆனால் காலை முழுவதையும் கார்ட்டூனுக்கே பட்டா எழுதிக்கொடுத்தவர், 1960-களின் நடுவில் அந்நிறுவனத்தின் பகல் நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்தவரும், அப்போது முப்பது வயதுகூட நிரம்பாதவருமான ஃபிரெட் சில்வர்மன். தானியச் சிற்றுண்டி விற்பவர்களும் பொம்மை விற்பவர்களும் அந்தக் காலைப்பொழுதைப் போட்டியிட்டு வாங்கினார்கள். ‘ஸ்பேஸ் கோஸ்ட்’, ‘ஹெர்குலாய்ட்ஸ்’ என்று ஆகாயத்திலும் அந்நிய கிரகங்களிலும் சண்டை போடும் வீரர்கள் வரிசையாக வந்தார்கள்.

1968-ஆம் ஆண்டு அந்த வீரர்களுக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலிலும் ராபர்ட் கென்னடி ஜூனிலும் சுடப்பட்டு மாண்ட அந்த ஆண்டில், குழந்தைகளுக்குக் காட்டப்படும் அடிதடியைப் பற்றிய கண்டனம் வலுத்தது. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பெகி சாரன் என்ற தாயார் வேறு சில தாய்மார்களோடு சேர்ந்து, குழந்தைகளின் தொலைக்காட்சியைச் சீர்திருத்துவதற்கென்றே அதே ஆண்டில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். தொலைக்காட்சி நிறுவனங்கள் வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யாரும் யாரையும் அடிக்காத கதைகளைத் தேடின. அந்தத் தேடலில் அகப்பட்டதுதான், 1969 செப்டம்பர் 13-இல் முதன்முதலாக ஒளிபரப்பான ‘ஸ்கூபி டூ’. நான்கு இளைஞர்களும் ஒரு பயந்தாங்கொள்ளி நாயும் பேயைத் துரத்துவார்கள். பிடித்து முகமூடியைக் கழற்றினால் பேய் என்பது பக்கத்துப் பண்ணைக்காரராகவோ பேராசைக்கார வக்கீலாகவோ இருக்கும். அந்த நாய்க்குப் பெயர் கிடைத்ததும் காதுவழியாகத்தான்: விமானப் பயணத்தில் ஃபிராங்க் சினாட்ராவின் பாட்டொன்றைக் கேட்டுக்கொண்டிருந்த சில்வர்மன், பாட்டின் முடிவில் அவர் அர்த்தமில்லாமல் இழுக்கும் அசைகளிலிருந்து அதை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஸ்கூபி பெற்ற வெற்றியின் விளைவாகப் பிறந்த அரைநகல்கள்தாம், இன்றைக்கு அரைகுறையாக நினைவுகூரப்படுபவற்றில் பெரும்பகுதி. நாலைந்து இளைஞர்கள், ஒரு விநோதமான துணை, ஒரு மர்மம் என்ற அச்சில் துணையை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். நாய்க்குப் பதில் அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலத்து ஆவி என்றால் ‘ஃபங்கி ஃபேண்டம்’. மோட்டார் வண்டி என்றால் ‘ஸ்பீட் பக்கி’. குகை மனிதன் என்றால் ‘கேப்டன் கேவ்மேன்’. ‘ஜாஸ்’ திரைப்படம் ஊரையெல்லாம் சுறாமீனைக் கண்டு நடுங்கவைத்த மறு ஆண்டே, நகைச்சுவைச் சுறாமீன் வந்து டிரம்ஸ் வாசித்தது. இவற்றில் மகத்தானது ஒன்றுகூட இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம். ஆயினும் அந்த நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் இவற்றை மனப்பாடமாக அறிந்திருந்தது. அதற்கும் சிக்கனமே காரணம். ஓர் ஆண்டுக்குப் பதின்மூன்று அல்லது பதினாறு, பதினேழு அத்தியாயங்கள்தாம் எடுப்பார்கள். பெரும்பாலும் டிசம்பருக்குள் அவை தீர்ந்துவிடும். பிறகு அடுத்த செப்டம்பர்வரை அவற்றையே திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். எதிர்காலத்துக் குடும்பத்தைப் பற்றிய ‘ஜெட்சன்ஸ்’ தொடருக்கு 1962-இல் எடுக்கப்பட்டவை இருபத்துநான்கே அத்தியாயங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, புதிதாக ஒன்றுகூடச் சேர்க்காமல், அவற்றையே சனிக்கிழமைகளில் ஓட்டினார்கள்.

இவ்வளவு பாராயணம் செய்தது எப்படி மறந்தது என்று கேட்கலாம். அந்தக் காலைப்பொழுதின் ஏற்பாட்டைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டில் பெற்றோர் இன்னும் எழுந்திருக்கவில்லை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்குத் தூக்கம். இரவுடையைக்கூட மாற்றாத பிள்ளைகள், நிலையம் ஒளிபரப்பைத் தொடங்குவதற்கு முன்பே கண்விழித்து, திரையில் அசையாமல் நிற்கும் கோடுகளையும் வட்டங்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கிண்ணத்தில் சர்க்கரை தூவிய தானியமும் பாலும் அவர்களே கலந்துகொண்டவை. இருப்பவை மூன்று நிறுவனங்கள், வீட்டில் இருப்பது ஒரு பெட்டி, பத்து மணிக்கு மூன்றிலும் மூன்று தொடர்கள். காமிக்ஸ் புத்தகங்களின் நடுப்பக்கங்களில் புதிய தொடர்களின் விளம்பரம் கோடையின் முடிவிலேயே வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் செப்டம்பர் மாதம் முழுவதும் வழக்காடுவார்கள். எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அது மனப்பாடம் ஆயிற்று. எதை விட்டார்களோ அது போனது போனதுதான். பதிவு செய்துவைக்கும் சாதனம் பெரும்பாலான வீடுகளுக்கு 1980-களில்தான் வந்தது. ஆகவே, ஒரு தொடரை விளம்பரப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு, முப்பது வருஷம் அதை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்கள் ஓட்டியது, நிறுவனம் எடுத்ததைக் காட்டிலும் நன்றாகவே இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

ஹானா-பார்பராவுக்குப் போட்டியாக இருந்த ஃபில்மேஷன் நிறுவனம், சிக்கனத்தில் அவர்களையும் விஞ்சியது. ஒரு முறை வரைந்த ஓட்டத்தையும் திரும்புதலையும் தொடர் தொடராக மறுபடி உபயோகித்தது. அதன் கூட்டாளிகளான லூ ஷைமர், நார்ம் பிரெஸ்காட் இருவருள் யார் பெயர் முதலில் வருவது என்ற பிரச்னையை, இரண்டு பெயர்களையும் ஒரு சக்கரம்போல் சுழலவிட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த நிறுவனத்தைப் பற்றி மரியாதையோடு சொல்லவேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. மற்றவர்கள் வரையும் வேலையைக் கூலி மலிந்த தேசங்களுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகும், ஷைமர் தம்முடைய வேலையைக் கலிபோர்னியாவிலேயே வைத்துக்கொண்டார். 1973-இல் ‘ஸ்டார் டிரெக்’கைக் கார்ட்டூனாக எடுத்தபோது, வில்லியம் ஷாட்னர், லியனார்ட் நிமாய் முதலிய மூல நடிகர்களையே பேசவைத்தார். படத்தில் கேப்டன் கண்ணைக் கொட்டுவதோடு சரி. ஆனாலும் குரல் அவருடையது. குழந்தைகளுக்கான தொடர் என்ற வகையில் 1975-இல் அது எம்மி பரிசு பெற்றது.

கண்ணைவிடக் காது பெரியது என்பதை வியாபாரிகள் இதற்குள் நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள். விளம்பரங்களுக்கும் கதைகளுக்கும் மெட்டு ஒன்றாகவே இருந்தது. 1969-இல் பொம்மைக் கார் ஒன்றின் பெயரிலேயே வந்த ‘ஹாட் வீல்ஸ்’ தொடரைப் பற்றிப் போட்டி வியாபாரியே புகார் செய்து, அது விளம்பர நேரமாகக் கணக்கிடப்படவேண்டியது என்று அரசாங்க ஆணையம் சொல்லும்படி ஆயிற்று. ஆனால் விளம்பரக்காரர் ஒருவராலேயே ஒரு நல்ல காரியமும் நடந்தது. டேவிட் மெக்கால் என்பவர், தம் மகனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு நெட்டுரு ஆகவில்லை, ராக் பாட்டுகளோ அத்தனையும் நெட்டுரு என்பதைக் கவனித்து, வாய்ப்பாட்டைப் பாட்டாக்கித் தரும்படி பாப் டொரோ என்னும் ஜாஸ் இசைக்கலைஞரைக் கேட்டார். அதிலிருந்து பிறந்து, 1973 முதல் ஏ.பி.சி. நிறுவனத்தில் கார்ட்டூன்களுக்கிடையே மூன்று மூன்று நிமிஷமாக வந்தது ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’. இலக்கணத்தின் இடைச்சொற்களும், மசோதா சட்டமாகும் வழியும், நாட்டின் அரசியல் சாசன முகவுரையும் மெட்டோடு வந்தன. முகவுரையை எழுதிக்காட்டச் சொன்னால், மனத்துக்குள் பாடிப் பாடி எழுதும் அமெரிக்கர்கள் இன்றும் இருக்கிறார்கள். நமது நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

இந்த உற்சவம் குலைந்த விதம் சுருக்கமாகச் சொல்லக்கூடியதே. என்.பி.சி. 1992-இல் கார்ட்டூன்களை விலக்கி, செய்தியையும் பதின்பருவத்தினருக்கான நாடகங்களையும் வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், முந்திய ஆண்டு ஹானா-பார்பரா நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்த டெட் டர்னர், நாள் முழுவதும் கார்ட்டூனே காட்டும் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். 1990-இன் சட்டம், வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிஷத்துக்குமேல் குழந்தைகளுக்கு விளம்பரம் காட்டலாகாது என்றது. 1996-இல் வந்த விதி, வாரம் மூன்று மணி நேரம் போதனை நிகழ்ச்சிகள் வேண்டும் என்றது. லாபமும் குறைந்து, பொறுப்பும் ஏறிய காலைப்பொழுதை யார் வைத்துக்கொள்வார்கள்? பெகி சாரன் போராடிக் கேட்டது பெரும்பாலும் கிடைத்தது. ஆனால் அதற்குள் குழந்தைகள் வேறு அலைவரிசைக்குப் போய்விட்டார்கள்.

நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பாத்திரங்கள் அறிமுகமானதே அந்த அலைவரிசை 1995-இல் இந்தியாவுக்கு வந்த பிறகுதான்; பின்னர் அவை தமிழிலும் பேசின. ஆகையால் ஸ்கூபியையும் ஜெட்சன்ஸையும் நினைத்து உருகும் தமிழ் இளைஞருக்கு, சனிக்கிழமை என்ற ஏக்கம் இல்லை. பள்ளிவிட்டு வந்த எந்த மாலையிலும் அவை இருந்தன. வாரம் முழுவதும் காத்திருப்பது என்ற தவம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கே உரியது.

இப்போது பழைய தொடர்களில் பெரும்பாலானவை குறுந்தகடுகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. தேடிப்பிடித்துப் பார்க்கிறவர்கள் பத்து நிமிஷத்தில் அலுத்துப்போய், பின்னணியில் அதே விளக்கு ஏழாவது முறை கடந்துபோவதைக் கண்டு சிரித்துவிட்டு, பாட்டை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டு அணைத்துவிடுகிறார்கள். கிடைக்காத வரையில் மகோன்னதமாக இருந்தது, கிடைத்ததும் தன் சுயரூபத்தைக் காட்டிவிடுகிறது. இதற்கு விலக்காக ஒரு தொடரைச் சொல்லலாம்.

1983-இல் சி.பி.எஸ்.ஸில் தொடங்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, கேளிக்கைப் பூங்காவின் ராட்டின வண்டி ஒன்றில் ஏறிய ஆறு சிறுவர் சிறுமியர், மந்திரமும் பறவைநாகங்களும் நிறைந்த வேறோர் உலகத்தில் போய் விழுந்து, வீடு திரும்பும் வழியை வாராவாரம் தேடும் கதை. கதவு திறக்கும், ஏதேனும் ஓர் ஏழை ஜீவனைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் திரும்பிவருவார்கள், கதவு மூடிக்கொள்ளும். இருபத்தேழு அத்தியாயங்களுக்குப் பிறகு, 1985-இல் தொடர் நின்றுவிட்டது. பிள்ளைகள் வீடு போய்ச் சேரவில்லை. போனார்களா இல்லையா என்ற விசாரம், அதைப் பார்த்த பிள்ளைகள் தாமே பிள்ளை பெற்ற பிறகும் தீரவில்லை. எழுத்தாளர் மைக்கேல் ரீவ்ஸ் கடைசி அத்தியாயமாக ‘ரெக்வியம்’ என்ற பெயரில் ஒன்றை எழுதியே வைத்திருந்தார். அதை வரைவதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. 2006-இல் முழுத் தொடரையும் குறுந்தகடுகளாக வெளியிட்டபோது அதையும் சேர்க்க விரும்பினார்கள். சித்திரம் வரையச் செலவு செய்யவில்லை. தொடரில் ஷீலா என்ற சிறுமியாகப் பேசிய கேட்டி லீயை அழைத்து, கூடவே சில நடிகர்களையும் வைத்துக்கொண்டு, அத்தியாயம் முழுவதையும் வானொலி நாடகமாகப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் அதைக் கேட்டார்கள். படம் எங்கே என்று தேடவேண்டிய அவசியம் அவர்களில் பலருக்கு இருந்திருக்காது.